கிருமி செத்தாலும் காய்ச்சல் வரும்

உயர்நிலை மூன்று வகுப்பில் நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு மாணவி கை தூக்கினாள். முதல் நாள் மாலை பாட்டியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். கட்டில் பக்கத்தில் தொங்கிய உப்புநீர்ப் பையில் இரண்டு சொற்கள் அச்சிட்டிருந்தனவாம். ஒன்று, கிருமியற்றது. மற்றொன்று, பைரோஜன் அற்றது. "கிருமியே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டார்களே, இரண்டாவது எதற்கு, சார்?"

பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் அந்த இரண்டாவது சொல்லுக்குப் பின்னால் 130 ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி நம் கிராஞ்சி, மண்டாய் சேற்றிலிருந்து எழுந்தது. மணி அடித்துவிட்டதால் வகுப்பில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பைரோஜன் என்றால் காய்ச்சலை உண்டாக்கும் பொருள். அவற்றில் மிகக் கொடியது எண்டோடாக்சின். தமிழில் அகநச்சு எனலாம். 1892 வாக்கில் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர் காலராக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். காலராக் கிருமிகளைச் சூட்டால் கொன்று, உயிரில்லாத அந்தச் சக்கையைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவை இறந்தன. உயிரோடு இருக்கும்போது கிருமி வெளியே கக்கும் நஞ்சு சூட்டில் கெட்டுவிடும் என்பதை அப்போதே அறிந்திருந்தார்கள். இது கெடவில்லை. கிருமியின் உடம்போடு ஒட்டிய நஞ்சு என்ற பொருளில்தான் அந்தப் பெயரை அவர் வைத்தார்.

மருத்துவமனைகளில் இது வேறு உருவத்தில் தலைகாட்டியது. நரம்பு வழியாக மருந்து ஏற்றிய சிறிது நேரத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். மருந்தைத்தான் எல்லாரும் சந்தேகித்தார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வு மாணவியான ஃபுளோரன்ஸ் சீபர்ட் மருந்தைக் கரைக்கப் பயன்பட்ட வாலை வடித்த நீரைச் சந்தேகித்தார். நீர் ஆவியாகும்போது மேலே தெறிக்கும் நுண்துளிகள் பாக்டீரியாவின் எச்சத்தையும் சுமந்துகொண்டு குளிர்விப்பானுக்குள் போய்விடுவதை 1923-இல் காட்டினார். துளிகள் தாண்டாதபடி வடிகலத்தை மாற்றியமைத்ததும் காய்ச்சல் நின்றது. நீர் சுத்தமாகத்தான் இருந்தது, கிருமியும் செத்துத்தான் இருந்தது. செத்த கிருமியின் தோல்தான் சிக்கல்.

அந்தத் தோல் எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் இருப்பதில்லை. கிராம் நெகட்டிவ் என்று நாம் பிரிக்கும் வகைக்கு, அதாவது ஈ.கோலை, சால்மோனெல்லா, காலரா, பிளேக் போன்ற கிருமிகளுக்கு, உள்சவ்வுக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. அந்த வெளிச்சவ்வின் மேற்பரப்பில் பெரும்பகுதியை மூடியிருப்பது லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த கலவை என்பதே அந்த நீண்ட பெயரின் பொருள். ஓர் ஈ.கோலை கிருமியின் மேல் மட்டும் இவை பத்து லட்சத்துக்கும் மேல் நெருக்கமாக நட்டு வைத்ததுபோல் நிற்கின்றன.

ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நீண்ட சர்க்கரைச் சங்கிலி. இது கிருமிக்குக் கிருமி மாறும். ஈ.கோலை ஓ157 என்று செய்திகளில் படிக்கிறோமே, அந்த 'ஓ157' இந்தச் சங்கிலியின் வகை எண்தான். நடுவில் ஒரு குட்டைச் சர்க்கரைத் தண்டு. அடியில், சவ்வுக்குள் புதைந்து கிடப்பது லிப்பிட் ஏ. நம் உடலில் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அடையாளம் காண்பது வெளிச் சங்கிலியை. ஆனால் காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி அனைத்துக்கும் காரணம் அடியில் ஒளிந்திருக்கும் லிப்பிட் ஏ.

ஈ.கோலையின் லிப்பிட் ஏ எப்படி இருக்கும்? இரண்டு சர்க்கரை வளையங்கள் கைகோத்து நிற்கின்றன. இரு ஓரத்திலும் ஒவ்வொரு பாஸ்பேட். கீழே ஆறு கொழுப்பு வால்கள், ஒவ்வொன்றிலும் 12 அல்லது 14 கார்பன் அணுக்கள். இந்த எண்ணிக்கைகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பாஸ்பேட், ஆறு வால்.

கிருமி சிதையும்போது லிப்பிட் ஏ இரத்தத்தில் வெளிப்படுகிறது. இரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம் அதைத் தூக்கிச் சென்று, வெள்ளை அணுவின் மேல் இருக்கும் இன்னொரு புரதத்திடம் ஒப்படைக்கிறது. அது கடைசியாக டிஎல்ஆர்4 என்ற ஏற்பியிடம் சேர்க்கிறது. இந்த ஏற்பிதான் எண்டோடாக்சினை உணர்கிறது என்பது 1998-இல்தான் உறுதியானது. எண்டோடாக்சினைச் செலுத்தினாலும் அசராத ஒரு சுண்டெலி இனம் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாக இருந்தது. புரூஸ் பியூட்லரின் குழு அதன் மரபணுவைத் துழாவி, டிஎல்ஆர்4 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. 2011-ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

டிஎல்ஆர்4 லிப்பிட் ஏ-யை நேரடியாகப் பிடிப்பதில்லை. அதன் இடுப்பில் எம்டி-2 என்ற சிறு புரதம் ஒரு சுருக்குப் பைபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது. பையின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கான பரப்பு. அதனால் கொழுப்பு வால்கள் அதற்குள் இயல்பாக வழுக்கிக்கொண்டு போகின்றன. 2009-இல் தென்கொரிய விஞ்ஞானிகள் இந்தக் கூட்டின் வடிவத்தை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டினார்கள். அதைப் பார்த்தபோதுதான் எண்ணிக்கையின் இரகசியம் புரிந்தது. பைக்குள் ஐந்து வால்களுக்கு மட்டுமே இடம். ஆறாவது வால் வாசலிலேயே கிடக்கிறது. வாசலில் கிடக்கும் அந்த வாலும் இரண்டு பாஸ்பேட்டுகளும் சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிஎல்ஆர்4-ஐக் கொக்கி போட்டு இழுக்கின்றன. இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்தால்தான் அணுவுக்குள் அபாயச் சங்கு ஊதும். சங்கு ஊதியதும் வெள்ளை அணு பல சைட்டோகைன்களை, அதாவது சமிக்ஞைப் புரதங்களை, வெளியிடுகிறது. அவை மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை உயர்த்துகின்றன, இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன, மற்ற வெள்ளை அணுக்களைத் திரட்டுகின்றன.

நஞ்சு என்று சொல்லிக்கொண்டே வந்தாலும், லிப்பிட் ஏ எந்தத் திசுவையும் அரிப்பதில்லை, எந்த அணுவையும் துளைப்பதில்லை. தீங்கு முழுவதும் நம் உடலின் பதிலிலிருந்து வருகிறது. ஒரு சிறு காயத்தில் அந்தப் பதில் நம்மைக் காப்பாற்றும். அதே பதில் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தால் செப்சிஸ். அப்போது இரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

இனி, வால்களைக் குறைத்தால் என்ன ஆகும்? இந்தச் சோதனையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் உடலில் இருக்கும்போது, அங்கே வெப்பம் குறைவு என்பதால், ஆறு வால் லிப்பிட் ஏ-யையும் தயாரிக்கிறது. மனித உடலின் 37 பாகை வெப்பத்துக்கு வந்ததும் நான்கு வாலுக்கு மாறிவிடுகிறது. நான்கு வால்களும் பைக்குள் அடங்கிவிடும், கொக்கி போட ஒன்றும் மிஞ்சாது. காவலர்கள் தூங்க, கிருமி பெருகுகிறது. 1896-இல் பம்பாயை உலுக்கிய பிளேக் அத்தனை வேகமாகக் கொன்றதற்கு இதுவும் ஒரு காரணம். 2006-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஈ.கோலையின் மரபணு ஒன்றைப் பிளேக் கிருமிக்குள் வைத்து, 37 பாகையிலும் ஆறு வால் தயாரிக்க வைத்தது. கிருமிக்குக் கூடுதல் 'நஞ்சு' கொடுத்தாயிற்று. ஆனால் அந்தக் கிருமி தொற்றிய எலிகள் பிழைத்துக்கொண்டன! டிஎல்ஆர்4 இல்லாத எலிகள் மட்டும் வழக்கம்போல் இறந்தன. எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிக அழகான சோதனை இது.

நம் குடலிலும் இதுபோல் ஒன்று நடக்கிறது. அங்கே கோடிக்கணக்கான கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் குடியிருந்தும் நமக்குத் தினமும் காய்ச்சல் வருவதில்லை. குடற்சுவர் அவற்றை இரத்தத்தில் கலக்க விடாமல் தடுப்பது முதல் காரணம். குடலில் பெரும்பான்மையாக வாழும் பாக்டீராய்டிஸ் இனத்தின் லிப்பிட் ஏ நான்கைந்து வால்களோடு, பாஸ்பேட்டும் குறைந்து, அடங்கிய குரலில் பேசுவது இன்னொரு காரணம்.

ஆறு வால் ஆபத்து, நான்கு வால் அமைதி என்றால், குறைந்த வால் மூலக்கூறு ஒன்றைச் செய்து பையை அடைத்துவிட்டால் செப்சிஸ் நோயாளிகளைக் காப்பாற்றலாமே? ஜப்பானின் எய்சாய் நிறுவனம் அதைத்தான் முயன்றது. எரிட்டோரான் என்ற அந்த மருந்துக்கு நான்கு வால்கள். ஆய்வுக்கூடத்தில் அது பையை நன்றாகவே அடைத்தது. ஆனால் கடும் செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவுகள் 2013-இல் வந்தபோது, இறப்பு குறையவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது சங்கு ஏற்கெனவே ஊதிவிட்டது என்பது பலர் தரும் விளக்கம். தவிர, செப்சிஸுக்குக் கிராம் பாசிட்டிவ் கிருமிகளும் காரணமாகலாம், அவற்றிடம் லிப்பிட் ஏ கிடையாது. வேதியியல் அழகாக இருந்தால் மருந்தும் வேலை செய்யும் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான பாடம்.

சங்கை முழுதாக நிறுத்துவது கைகூடவில்லை. மெதுவாக ஊத வைப்பது கைகூடியது. சால்மோனெல்லா கிருமியிலிருந்து எடுத்த லிப்பிட் ஏ-யில் ஒரு பாஸ்பேட்டையும் ஒரு வாலையும் வேதிமுறையில் கழற்றிவிட்டால் கிடைக்கும் பொருளுக்கு எம்பிஎல் என்று பெயர். அது டிஎல்ஆர்4-ஐ எழுப்பும், ஆனால் உடலைப் போர்க்களமாக்காது. தடுப்பூசியோடு சேர்த்தால், ஊசி போட்ட இடத்தில் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பி, நினைவை ஆழமாக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் செர்வாரிக்ஸ் ஊசியில் அது இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்காக 2019-இல் தொடங்கிய திட்டத்தில் போடப்பட்டது அந்த ஊசிதான். மூத்தோர் போட்டுக்கொள்ளும் அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸிலும் எம்பிஎல் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கை வலிக்கிறது, உடம்பு காய்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், அந்த வலியில் லிப்பிட் ஏ-யின் உறவுக்காரனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அளவைப் பாருங்கள். நரம்பு வழி மருந்தில் எண்டோடாக்சின் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 அலகைத் தாண்டக்கூடாது என்பது உலக நடைமுறை. ஓர் அலகு என்பது ஈ.கோலை நச்சில் ஏறத்தாழ 0.1 நானோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 30 நானோகிராம். ஓர் உப்புத் துகளை இரண்டாயிரமாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவோ அவ்வளவு. செர்வாரிக்ஸ் ஊசி ஒன்றில் இருக்கும் எம்பிஎல் 50 மைக்ரோகிராம், அதாவது 50,000 நானோகிராம். ஒன்று நரம்பில் போகிறது, மற்றது அலுமினிய உப்போடு ஒட்டித் தசையில் தங்குகிறது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு பாஸ்பேட்டும் ஒரு வாலும் எவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கின்றன என்பது புரியும்.

இப்போது உப்புநீர்ப் பைக்குத் திரும்பலாம். மருத்துவமனைகளில் 121 பாகை நீராவியில் கிருமி நீக்குகிறார்கள். பாக்டீரியா சாகும், லிப்பிட் ஏ அசையாது. கண்ணாடிக் கலன்களை 250 பாகை உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால்தான் அது அழியும். பிளாஸ்டிக் பையையோ மருந்தையோ அப்படிச் சுட முடியாது. எனவே எண்டோடாக்சின் உள்ளே வராமலே பார்த்துக்கொண்டு, கடைசியில் சோதித்தும் ஆகவேண்டும். நானோகிராமுக்கும் குறைந்த அளவை எதைக் கொண்டு சோதிப்பது? ஒரு காலத்தில் முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு குதிரைலாட நண்டு வந்தது.

தேக்கா சந்தையில் வாங்கும் பூ நண்டுக்கும் இதற்கும் உறவு தூரம். சிலந்தியும் தேளும்தான் இதற்குப் பங்காளிகள். ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளாக இந்தக் குடும்பம் பூமியில் இருக்கிறது. இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் காற்றுப் பட்டதும் நீலமாகும். நம்மைப் போல் எதிர்ப்பொருள் தயாரிக்கத் தெரியாது. பாக்டீரியா நிறைந்த சேற்றில் காயம் பட்டால், கிருமி நுழைந்த இடத்திலேயே இரத்தத்தை உறைய வைத்துச் சிறைப்பிடிக்கும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தில் 1956-இல் ஃபிரெடரிக் பாங் இதைப் பதிவு செய்தார். பின்னர் ஜாக் லெவினோடு சேர்ந்து, உறைவைத் தூண்டுவது எண்டோடாக்சின்தான் என்று காட்டினார். நண்டின் இரத்த அணுக்களை உடைத்து எடுத்த சாற்றில் மருந்துத் துளியை விட்டு, உறைகிறதா என்று பார்க்கும் முறை பிறந்தது. 1977-இல் அமெரிக்க அரசு அதற்கு உரிமம் வழங்கியது. அன்றிலிருந்து ஊசி மருந்து, தடுப்பூசி, செயற்கை மூட்டு என்று உடலுக்குள் போகும் பொருள்களின் பாதுகாப்பு இந்தச் சாற்றை நம்பியிருக்கிறது. விலை கொடுத்தது நண்டு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான நண்டுகளைப் பிடித்து, இரத்தம் எடுத்து, கடலில் விடுகிறார்கள். அவற்றில் 15 விழுக்காடு இறந்துவிடுவதாக அங்குள்ள மீன்வள நிர்வாகம் கணக்கில் கொள்கிறது.

1980-களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் என்ற விஞ்ஞானித் தம்பதியர் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். நண்டுச் சாறு மிக விலை உயர்ந்தது, நண்டுகளோ வற்றாத ஊற்றல்ல. கிராஞ்சிப் பக்கத்துச் சேற்றில் வாழும் சதுப்புநிலக் குதிரைலாட நண்டை ஆராய்ந்தார்கள். அதன் இரத்தத்தில் லிப்பிட் ஏ-யை முதலில் தொட்டு உணரும் புரதத்துக்கு ஃபேக்டர் சி என்று பெயர். அது லிப்பிட் ஏ-யைப் பிடித்ததும் விழித்துக்கொண்டு அடுத்த நொதியைத் தட்டும், அது அடுத்ததை, கடைசியில் உறைவு. அந்த ஒரு புரதத்தின் மரபணு மட்டும் இருந்தால் நண்டே வேண்டாம் என்பது அவர்களின் எண்ணம். 1995-இல் அந்த மரபணு வரிசையை வெளியிட்டார்கள். ஈஸ்ட்டில் வைத்துத் தயாரிக்க முயன்றபோது புரதம் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பூச்சியின் அணுக்களில் வைத்தபோது வேலை செய்தது. நண்டும் பூச்சியும் கணுக்காலிகள் என்பதை நினைத்தால் அது வியப்பில்லை.

2003-இல் அந்தப் புரதம் சோதனைப் பெட்டியாக விற்பனைக்கு வந்தது. ஆனால் மருந்து நிறுவனங்கள் அவ்வளவு எளிதில் மாறவில்லை. தயாரிப்பவர் ஒருவரே என்றால் அவரை மட்டும் நம்பி இருக்க வேண்டும் என்ற தயக்கம் ஒருபுறம், பழைய முறைக்குத்தான் சட்ட அங்கீகாரம் என்ற நிலை மறுபுறம். ஐரோப்பிய மருந்து விதித்தொகுப்பு 2021 ஜனவரியில்தான் அதைத் தனி முறையாக ஏற்றது. அமெரிக்கத் தொகுப்பில் 2025 மே மாதம்தான் நடப்புக்கு வந்தது. மரபணு வெளியாகி முப்பது ஆண்டுகள்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபேக்டர் சி லிப்பிட் ஏ-யைப் படிப்பது நண்டின் கண்ணால், டிஎல்ஆர்4 படிப்பது மனிதக் கண்ணால். நான்கு வால் லிப்பிட் ஏ-யை நம் ஏற்பி கண்டுகொள்ளாது, நண்டின் புரதமோ அதற்கும் கூச்சல் போடும். சுண்டெலியின் டிஎல்ஆர்4 கூட, நாம் அமைதியாக இருக்கும் சில நான்கு வால் வடிவங்களுக்குப் பதறும். ஆகவே நண்டுச் சோதனை சொல்லும் அலகும் மனித உடல் காட்டும் காய்ச்சலும் எல்லாக் கிருமிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. உப்புநீர்ப் பைக்கு இது நல்லதே. தேவைக்கு அதிகமாகக் கத்தும் காவல் நாயால் யாருக்கும் தீங்கில்லை. குடல் பாக்டீரியாவின் எண்டோடாக்சினை அளந்து 'உடலில் இவ்வளவு நஞ்சு' என்று சொல்லும் ஆய்வுகளைப் படிக்கும்போதுதான் கவனம் தேவை. எத்தனை அலகு என்பதோடு, எத்தனை வால் என்றும் கேட்க வேண்டும்.

மறுவாரம் இதையெல்லாம் பலகையில் வரைந்து காட்டினேன். ஆறு வால்களை நான் வரைந்த விதம் கணவாய் மீன்போல் இருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்கள். கேள்வி கேட்ட மாணவி மட்டும் சிரிக்கவில்லை. உயர்நிலை ஒன்றில் தனக்குப் போட்ட ஊசியில் எத்தனை வால் என்று கேட்டாள். பெரும்பாலும் ஐந்து, நான்கு, ஆறு என்று கலவையாக இருக்கும் என்றேன்.

மண்டாய் சேற்றில் அந்த நண்டுகள் இன்னும் இருக்கின்றன. கைவிடப்பட்ட மீன்வலைகளில் அவை சிக்கிக்கொள்ளும். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், வலையை அறுத்து விடுவித்து, ஓட்டின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். பழைய ரப்பர் காலணி போட்டுக்கொண்டு போக வேண்டும், சேறு முழங்கால் வரை இழுக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.